சொந்த ஊருக்கு வர ஊசி எதற்கு?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகனும் மருமகளும் நான்கு வயதுப் பேரனோடு மாம்பழ சீசனுக்கு வருகிறார்கள். பேரனுக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போடச் சொன்னாராம் டாக்டர். சொந்த ஊருக்கு வர ஊசி எதற்கு?
– வாசகி, பங்காருபாளையம்

பதில்: அவசியம் போடட்டும் அம்மா. இந்தக் காமாலைக் கிருமி மலத்திலிருந்து தண்ணீர், உணவு வழியாக வாய்க்குப் போகிறது. நம் தலைமுறையில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்து, தெரியாமலே போய், ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி தந்துவிட்டது. லண்டன் பிள்ளைக்கு அது இருக்காது. பிரிட்டனின் வழக்கமான குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலிலும் இது கிடையாது. மருமகளும் அங்கேயே வளர்ந்தவர் என்றால் அவருக்கும் வேண்டும். பெரியவர்களைத்தான் இந்நோய் அதிகம் படுத்துகிறது.

கிளம்ப இரண்டு வாரம் முன்பு போடுவது நல்லது. கடைசி நாளில் போட்டாலும் பலன் உண்டு. 6 முதல் 12 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ்.

2024-ல் கேரளத்தின் வேங்கூரில் குழாய்த் தண்ணீரால் 200-க்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது. ஆகவே தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். நெடுஞ்சாலை ஓட்டலில் இட்லி ஆவி பறக்க வரும். சட்னியை அரைத்தது பச்சைத் தண்ணீரில். மோர், ஜூஸில் போடும் ஐஸ் எல்லாம் அப்படியே. மாம்பழத்தை வீட்டில் கழுவி நறுக்குங்கள். சானிடைசரை நம்பாமல் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

தொற்றியபின் அறிகுறி தெரிய 2 முதல் 7 வாரம் ஆகும். லண்டன் திரும்பியபின் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, இந்தியா போய்வந்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.