வள்ளத்து லைற் ஏன் மங்குகிறது? அளந்து, வகுத்து, பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் பின்னேரத்தில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "பற்றரி புதுசு, லைற் மட்டும் மங்கலா எரியுது." பிறகு இன்னொரு பற்றரியும் வாங்குவார்கள். லைற் அப்படியேதான் எரியும். உப்புக் காற்று தின்பது பற்றரியை அல்ல, வயரின் பொருத்துகளை. அதை ஒரு மல்ற்றிமீற்றரும் இரண்டு கணக்கும் கால்மணி நேரத்தில் காட்டிவிடும்.

கணக்கு இவ்வளவுதான். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை, ஓமில் வரும். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வலு, வாற்றில் வரும். முதலாவது, ஜேர்மனியரான கேயோர்க் ஓம் 1827இல் புத்தகமாக வெளியிட்ட விதி. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பதும் இதைத்தான்.

12 வோல்ற்று, 55 வாற்று ஹலஜன் லைற் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பற்றரியிலிருந்து லைற்றுக்கு 8 மீற்றர், வயர் 1.5 சதுர மில்லிமீற்றர்.

முதலில் மின்னோட்டம். சுவிச்சை அணைத்து, பியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் மீற்றரின் இரு முனைகளையும் வையுங்கள். சிவப்பு வயர் 10 அம்பியர் குழியில் இருக்க வேண்டும். லைற்றைப் போட்டு வாசியுங்கள், 4.3 அம்பியர் காட்டுகிறது என்று வைப்போம். வாசித்தவுடன் அணைத்து, பியூஸைத் திரும்பப் போட்டு, சிவப்பு வயரை வோல்ற்றுக் குழிக்கு மாற்றிவிடுங்கள். மறந்து, அம்பியர் குழியில் வைத்தபடியே பற்றரியின் இரு முனைகளையும் தொட்டால், மீற்றருக்குள் தடையே இல்லாததுபோல மொத்த கரண்டும் பாயும். மீற்றர் போய்விடும், கையும் சுடும்.

அடுத்தது வோல்ற்று. லைற் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். லைற்றைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது. ஓடாத கரண்டுக்கு இழப்பும் இல்லை. பழுதான வயரிலும் முழு 12 வோல்ற்று நிற்கும், எல்லாம் சரி என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவோம். நான் பார்த்தவரை மிகக் கூடுதலாக நடக்கும் பிழை இதுதான்.

எரியவிட்டு அளக்கையில் பற்றரி முனைகளில் 12.4, லைற்றின் முனைகளில் 10.9 வோல்ற்று. 10.9ஐ 4.3ஆல் பெருக்கினால் 47 வாற்று. 55 வாற்று லைற் மங்குவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வகுத்தால் 2.5 ஓம், எரியும் லைற்றின் தடை. இதே லைற்றைக் கழற்றி, ஆறவிட்டு, மீற்றரின் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள்: ஏறக்குறைய பத்திலொரு பங்குதான் காட்டும். லைற் பழுதில்லை. சூடேறும்போது இழையின் தடை கூடுகிறது. அதனால்தான் எரியும்போது அளந்து வகுக்கச் சொல்கிறேன். எல்ஈடி லைற்றுக்கு இந்தத் தடைக் கணக்கு பொருந்தாது. வலுவுக்கான பெருக்கல் மட்டும் சரிவரும்.

இனி, காணாமல்போன 1.5 வோல்ற்று. அதை 4.3ஆல் வகுத்தால் 0.35 ஓம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு மீற்றருக்கு 0.012 ஓம் அளவில் தடை உண்டு. போகவும் வரவும் 16 மீற்றர், 0.19 ஓம் நியாயமான கணக்கு. மீதி 0.16 ஓம் எங்கே?

மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மற்றதை லைற்றின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 1.1 வோல்ற்று. மைனஸ் பக்கமும் அப்படியே: 0.4. ஒரே வயர், ஒரே நீளம், பிளஸ் பக்கம் மட்டும் 0.7 கூட. இப்போது அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இடமாகப் போங்கள். சுவிச்சின் இரு முனைகளுக்கிடையில் 0.1. பலகைக்கு அடியில் முறுக்கி ரேப் சுற்றியிருக்கும் பொருத்தில் 0.6. ரேப்பைப் பிரித்தால் செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்து, தொட்டவுடன் உதிரும். 0.6ஐ 4.3ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2.6 வாற்று. சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் இரவு முழுக்க அந்தச் சூடு. பக்கத்தில் எண்ணெய்க் கலனும் இருந்தால் இது சின்ன விடயமல்ல.

பொருத்தை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் முறுக்கு இல்லாமல் ஒரே நீளமாக 4 சதுர மில்லிமீற்றர் வயர் இழுங்கள். 16 மீற்றருக்கும் 0.07 ஓம்தான், வயரின் இழப்பு ஒரு வோல்ற்றில் மூன்றிலொன்று அளவுக்கு இறங்கிவிடும். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள். 24 வோல்ற்று ஓடும் பெரிய படகுகளில் அதே வலுவுக்குக் கரண்ட் பாதி, அதே வயரில் வீணாகும் வலு காற்பங்கு. பெரிய மின் நிலையங்களின் மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பிகளில் அனுப்புவதும் இதே கணக்கை நம்பித்தான்.

வீட்டு 230 வோல்ற்றில் பியூஸைக் கழற்றி அளக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அங்கே கணக்கைத் தாளில் போடுங்கள். 1000 வாற்று அயன்பொக்ஸ் என்றால், 1000ஐ 230ஆல் வகுக்க 4.3 அம்பியர், தடை 53 ஓம். பின்னேரத்தில் வோல்ற்று 200க்கு இறங்கினால் 200ஐ 200ஆல் பெருக்கி 53ஆல் வகுங்கள்: 755 வாற்று அளவு. அயன்பொக்ஸ் சூடேறச் சுணங்குவது அதன் பழுதல்ல.

அடுத்த பற்றரிக்குக் காசு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன், லைற்றை எரியவிட்டு நான்கு இடத்தில் அளந்து தாளில் எழுதுங்கள்: பற்றரி முனை, லைற் முனை, பிளஸ் வயர், மைனஸ் வயர்.