விமானம் தாமதித்தால் நமக்குள்ள ஹக்கு

இம்முறை பாடத்துக்குத் தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலா எதையும் நாம் எடுத்துக் கொள்ளவில்லை. கொடுக்கல் வாங்கல் பற்றிய ஒன்றை எடுத்துக் கொண்டோம். ஆகாய விமானம் நேரந் தவறினால் பயணிக்கு என்ன சேர வேண்டும், அதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே அது.

நம் பாட்டன்மார் ரஜூலா கப்பலில் வந்த காலத்தில் பயணம் நாட்கணக்கில் நடந்தது. அரை நாள் பிந்தினால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்று செப்பாங்கிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆகவே ஊரில் தகப்பனார் மவுத்தான செய்தி காலையில் வந்தால், மாலைக்குள் போய் முகம் பார்த்துவிடலாம் என்று மகன் ஓடுகிறான். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது நம் மார்க்க வழக்கம். விமானம் ஐந்து மணி நேரம் பிந்தினால் அவனுக்கு மிஞ்சுவது கபுரடி மண் மட்டுமே. அந்த நட்டத்துக்கு எந்தச் சட்டமும் ஈடு கட்ட முடியாது. ஆனால் சட்டம் கொடுக்கச் சொன்னதையும் நம்மவர் விட்டுவிட்டு வருகிறார்களே, அதைத்தான் பேச வந்தோம்.

நம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மனைவியுடன் ஊருக்குப் புறப்பட்டார். இரவு 10 மணி விமானம் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் கிளம்பியது. கட்டிக் கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டு, இருவரும் நாற்காலியிலேயே இரவைக் கழித்தார்கள். “ஏன் பெரியவரே, கவுண்டரில் போய்க் கேட்கவில்லையா?” என்றோம். “அவங்களாக் கொடுத்தா வாங்கிக்கலாம், நாமளாப் போய்க் கையேந்துறது எப்படித் தம்பி?” என்றார். ஸதக்கா கேட்பதாக அவர் நினைத்துவிட்டார்.

இது ஸதக்கா அல்ல. மதரஸாவில் ஓதியவர்கள் இஜாரா என்னும் பாடத்தை அறிவார்கள். கூலி பேசி ஒட்டகத்தையோ வண்டியையோ அமர்த்தினால் அது உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படியான கட்டளை அல்-மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே இருக்கிறது. டிக்கெட்டும் அப்படிப்பட்ட உடன்படிக்கைதான். பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக் கொள்ள மார்க்கம் தந்த சலுகையை நம்மவர் மறப்பதில்லை. நாட்டுச் சட்டம் தந்ததைத்தான் அறியாதிருக்கிறார்கள்.

நிற்க. சட்டம் யாதென்று பார்ப்போம். நம் நாட்டில் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் விமானக் கம்பெனி பயணிக்கு உணவு தர வேண்டும். தொலைபேசிக்கும் இண்டர்நெட்டுக்கும் வசதி செய்ய வேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகி இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் அறையும், அங்கே போய்வர வாகனமும் தர வேண்டும். மேற்படி பெரியவர் ஒன்பது மணி நேரம் காத்திருந்தார். நாற்காலியில் அல்ல, கட்டிலில் படுத்திருக்க வேண்டியவர் அவர்.

2024 செப்டம்பர் 2 முதல் இன்னொரு திருத்தமும் வந்தது. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகிப் பயணி ‘எனக்குப் பயணம் வேண்டாம்’ என்றால், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 30 நாளுக்குள், எந்த வழியில் கட்டினோமோ அதே வழியில் பணம் திரும்ப வேண்டும். கூப்பன் வாங்கிக் கொள்ளும்படி நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ போகிறவருக்கு, வேளை தவறிய பின் அந்த விமானத்தால் என்ன பயன்? அவருக்கு இது பெரிய உதவி.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தீர்க்க வேண்டும். ‘மூன்று மணி நேரம் தாமதமானால் 600 யூரோ’ என்று கைப்பேசியில் வரும் செய்தியைப் படித்துவிட்டுச் சிலர் கடைக்கு வந்து கேட்கிறார்கள். அது ஐரோப்பியச் சட்டம். 2004-ல் செய்த அந்தச் சட்டத்தில் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை உண்டு. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கும், அங்கே வந்திறங்கும் ஐரோப்பியக் கம்பெனி விமானங்களுக்கும் உரியது அது. செப்பாங்–திருச்சிப் பயணத்துக்குப் பொருந்தாது. நம் விதித்தொகுப்பில் தாமதத்துக்கென்று அப்படி ஒரு ரொக்கத் தொகை இல்லை.

ஆனால் தாமதத்தால் கையிலிருந்து உண்மையாகவே பணம் போயிருந்தால் வேறு வழி இருக்கிறது. 1999-ல் மாண்ட்ரியால் நகரில் செய்த சர்வதேச உடன்படிக்கையில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது, இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. தாமதத்தால் வந்த நட்டத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்கிறது அது. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்.டி.ஆர்.; எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதி நிறுவனத்தின் கணக்கு நாணயம். அவ்வளவும் கிடைக்கும் என்பதல்ல. நட்டத்தை ரூபிக்கிற அளவுக்குத்தான். தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக் கூடியதெல்லாம் செய்தோம் என்று கம்பெனி காட்டிவிட்டால் பொறுப்பிலிருந்து நீங்கிக் கொள்ளும். வழக்குப் போடுவதானால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ரூபிக்க வேண்டும் என்றால் ரசீது வேண்டும். கடைக்காரர் என்ற முறையில் ஒன்று சொல்கிறோம்: இக்கால ரசீதுக் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மங்கிப் போகும். வாங்கின உடனே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். போர்டிங் பாஸை எறியாதீர்கள். புதிய நேரம் காட்டும் பலகையையும் ஒரு படம் எடுங்கள். இரண்டு பிரியாணி தின்றுவிட்டு ஐந்துக்கு பில் கேட்பவர்களும் நம்மில் உண்டு; அந்தப் பணம் ஹராம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முறையீட்டை முதலில் கம்பெனிக்கே எழுத வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பிள்ளைகள் எழுதித் தருவார்கள். தேதி, விமான எண், புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், எது கிடைக்கவில்லை, என்ன கேட்கிறோம், இவ்வளவு போதும். வசைமொழி ஒரு வரியும் வேண்டாம். கவுண்டரில் நிற்கும் பெண்பிள்ளையிடம் சத்தம் போடுவதாலும் ஒன்றும் நடவாது. விமானத்தை அவளா நிறுத்தி வைத்தாள்? 30 நாளில் சரியான பதில் வரவில்லையென்றால் அரசாங்க அதிகாரிகளிடம் கொண்டுபோகலாம். முன்பு மாவ்காம் என்ற ஆணையம் இதைப் பார்த்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையான காம் உடன் இணைந்துவிட்டது. முறையீடுகள் இப்போது அங்கேதான்.

ஏஜெண்டிடம் டிக்கெட் எடுப்போர், உம்ரா குழுவில் போவோர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. பதிவில் ஏஜெண்டின் போன் நம்பரே இருந்தால், தாமதச் செய்தி அவருக்குப் போகும். நீங்கள் விடியற்காலையில் அம்பாங் பெச்சாவிலிருந்து கார் பிடித்துச் செப்பாங் போய்த் திகைத்து நிற்பீர்கள். திரும்பும் பணமும் அவர் கணக்குக்கே போகக் கூடும். உங்கள் நம்பரையே போடச் சொல்லுங்கள். ஏஜெண்டிடம் கட்டிய பணத்துக்கும் ரசீது வாங்குங்கள், அவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி.

பெட்டி பற்றியும் கேட்டிருந்தார்கள். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் சாமான் கவுண்டரில் பதிந்து, அந்தத் தாளைக் கையோடு வாங்கிக் கொள்ளுங்கள்.