கார்டு அச்சாகிறது, காந்தப் பட்டை படிக்கவில்லை: எங்கே தேடுவது?



சென்ற மாதம் நமது டிரஸ்டின் மருத்துவ உதவிக் கார்டுடன் வந்த வயதான தாயார் ஒருவர், மருந்து வாங்காமலே திரும்பிப் போனார். கார்டில் படமும் பெயரும் தெளிவாக இருந்தன. கவுண்ட்டரில் தேய்த்தபோது மட்டும் "பதிவு இல்லை" என்று வந்தது. தவறு எங்களுடையது. அதில் நாங்கள் கற்றது, கார்டு அச்சிடும் மற்ற மதரஸாக்களுக்கும் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

கார்டு பிரிண்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ரிப்பன் வழியே படம் அச்சாவது ஒன்று. பின்புறப் பட்டையில் காந்த ஹெட் விவரத்தைப் பதிவது மற்றொன்று. அச்சு அழகாக இருப்பது, பதிவு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

பிரிண்டரே பிழை காட்டினால் இந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள்.

1. வெற்றுக் கார்டுகளைப் பட்டை எந்தப் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும் என்று பிரிண்டரில் படம் இருக்கும். திருப்பி வைத்தால் ஹெட் பட்டையைத் தொடவே தொடாது.

2. பட்டையில் ஹைகோ, லோகோ என இரு வகை உண்டு. ஹைகோ பெரும்பாலும் கருப்பு, லோகோ பழுப்பு. டிரைவர் அமைப்பிலும் அதே வகை இருக்க வேண்டும். ஹைகோ கார்டில் லோகோ அமைப்பில் எழுதினால் பதிவு பலவீனமாகிவிடும்.

3. ஹெட்டில் தூசி படிந்திருக்கலாம். துப்புரவுக் கார்டை உள்ளே செலுத்துங்கள். ரிப்பன் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்வது நல்லது.

4. பட்டையில் மூன்று டிராக்குகள் உள்ளன. முதல் டிராக்கில் எழுத்தும் எண்ணும் சேர்த்து 79 குறிகள் வரை பதியலாம். இரண்டாவதில் 40, மூன்றாவதில் 107; இவ்விரண்டும் எண்களுக்கு மட்டும். அங்கே எழுத்தை அனுப்பினால் பிழை வரும்.

பிரிண்டர் பிழை காட்டாமல் ரீடர் மட்டும் படிக்காவிட்டால், பெரும்பாலும் டிராக் மாறியிருக்கும். எங்களுக்கு நேர்ந்தது இதுதான். புதிய கணினியில் டிரைவரை நிறுவியபோது உறுப்பினர் எண் முதல் டிராக்குக்குப் போய்விட்டது. கவுண்ட்டர் ரீடரோ இரண்டாவதை மட்டுமே படிக்கும். இது தெரியாமல் ஹெட்டைத் துடைத்து, பத்துக் கார்டுகளை வீணாக்கினோம். டிராக்கை மாற்றியதும் வேறு பிழை வந்தது. எண்ணின் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருந்ததே காரணம். அதை நீக்கியதும் சரியாயிற்று.

ஒரே ஒரு கார்டு மட்டும் படிக்காவிட்டால் பிரிண்டரைக் குறை சொல்லாதீர்கள். பட்டை கீறியிருக்கலாம், அல்லது கைப்பையின் காந்தப் பூட்டு பதிவை அழித்திருக்கலாம். லோகோ கார்டு எளிதில் அழியும். வேறு கார்டு போட்டுக் கொடுங்கள்.

இப்போது ஒவ்வொரு கார்டையும் கவுண்ட்டர் ரீடரில் தேய்த்துப் பார்த்த பிறகே கொடுக்கிறோம். கார்டு படிக்காவிட்டால் பதிவேட்டில் பெயர் பார்த்து மருந்து கொடுக்கும்படி கவுண்ட்டரில் சொல்லியிருக்கிறோம். அந்தத் தாயாரின் வீட்டுக்கே சென்று, மருந்தையும் புதிய கார்டையும் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். பட்டை பழுதானதற்காக இனி யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.