முகப் பழக்கம் என்னும் முதலீடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக இருக்கும் எனக்கு, நெருங்கிய நண்பர்கள் மூலம் எந்த வேலையும் கிடைத்ததில்லை. அவர்களுக்கு என்மேல் அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே டீக்கடை, ஒரே வாட்ஸ்அப் குழு. எனக்குத் தெரியாத காலியிடம் அவர்களுக்கும் தெரியாது.

இப்போதைய வேலையைப் பற்றிச் சொன்னவர் ஒரு பிரிண்டிங் யூனிட் சூப்பர்வைசர். சாம்பிள் வாங்கப் போகும்போது நின்று பேசுவோம். அவர் வீடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பல கம்பெனிகளின் துணி அவரிடம் வருகிறது. எங்கே புது பையர் வந்திருக்கிறார், எங்கே ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அவர் காதுக்குத்தான் முதலில் எட்டும்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதிவிட்டார். பாஸ்டனை அடுத்த நியூட்டனில், வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான லிங்க்ட்இன் ஆய்வு ஒரு திருத்தம் சொன்னது: பெயரளவுத் தொடர்பைவிட, ஓரளவு பழகியவரே வேலை மாற அதிகம் உதவுகிறார். எனக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியம். விசிட்டிங் கார்டு சேர்த்துவைப்பது பழக்கம் ஆகாது.

ஓரளவு பழக்கத்தைக் காப்பாற்ற, காரியம் இல்லாதபோதும் பேச வேண்டும். அப்படிப் பழகியவருக்குப் பயன்படும் தகவல் கிடைத்தால் உடனே சொல்லிவிடுவேன்: நல்ல டையிங் யூனிட், நேரத்துக்கு வரும் லாரி, எதுவானாலும் சரி. உதவி தேவைப்படும்போது, "வேலை வாங்கிக் கொடுங்கண்ணா" என்று கேட்பதில்லை. அந்தப் பாரத்தை முகப் பழக்கம் தாங்காது. "குழந்தைகள் ஆடை ஆர்டர் பார்க்கிற இடத்தில் ஆள் எடுக்கிறாங்களாண்ணா?" என்று செய்தியைத்தான் கேட்பேன். அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பிறகு என்ன ஆயிற்று என்பதை, வேலை கிடைக்காவிட்டாலும், அவரிடம் சொல்வேன். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆனாலும் ஜாமீன் கையெழுத்துக்கும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் நெருங்கியவர்கள்தான் வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்க முடியாது.

வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, சொந்த ஊர்க்காரர்களோடு மட்டும் ஒதுங்கிவிடாதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது மதியச் சாப்பாட்டுக்கு கட்டிங், பேக்கிங் ஆட்களோடு போய் உட்காருங்கள்.