ஐந்து வீட்டுக்கு ஒரே சோலார்: என் பங்குக்கு என்ன பாதுகாப்பு?

கேள்வி: எங்கள் தெருவில் ஐந்து குடும்பங்கள் பணம் போட்டு, ஒருவருடைய காலி மனையில் 10 கிலோவாட் சோலார் வைக்கப் பேசியிருக்கிறோம். இரண்டு வீடு ஓட்டு வீடு, என்னுடையதும் அதில் ஒன்று. அதனால்தான் மனையைத் தேர்ந்தெடுத்தோம். மனைக்காரர் நல்லவர். ஆனால் நாளைக்கு அவர் மனையை விற்றாலோ, அவருக்குப் பின் பிள்ளைகள் உரிமை கொண்டாடினாலோ என் பணம் என்னாவது? நகையை அடகு வைத்துத்தான் என் பங்கைக் கட்ட வேண்டும்.
- கே.எஸ்., உத்திரமேரூர் வட்டம்

பதில்: அன்புள்ள கே.எஸ். அவர்களுக்கு, பயப்படாதீர்கள். பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது, எதுவும் கைமீறிப் போய்விடவில்லை. நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் பக்கத்தில் கூட்டுக் கிணறு இல்லாத ஊர் குறைவு. கிரயப் பத்திரத்தில் ‘கிணற்றில் நாலில் ஒரு பாகம்’ என்று எழுதி, முறை வைத்து நீர் இறைக்கிறார்கள். நிலம் கைமாறினாலும் அந்தப் பாகம் நிற்கிறது, ஏனென்றால் அது பத்திரத்தில் ஏறியிருக்கிறது. உங்கள் சோலாருக்கு அப்படி ஒரு எழுத்து இல்லை. தகடுகள் 25 ஆண்டு உழைக்கும், வாய்ப்பேச்சு அவ்வளவு காலம் தாங்காது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் போதாது. மனைக்காரர் ஐவர் பேருக்கும் 25 ஆண்டுக் குத்தகை எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து தரட்டும். நாளை மனையை வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்று போட்டால் உங்கள் குத்தகை அதில் தெரியும். ஒருவர் விலகினால் மற்றவர்களுக்கே முதலில் விற்பது, இறந்தால் பங்கு வாரிசுக்குப் போவது, இரண்டையும் தனி உடன்படிக்கையாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த மனையிலிருந்து ஐந்து வீட்டுக்கும் மின்சாரம் எப்படி வரும்? ஒரு வீட்டு இணைப்பில் சேர்த்துவிட்டு மற்ற வீடுகளுக்கு ஒயர் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். அனுமதி பெற்ற இடத்தைத் தாண்டி வேறு இடத்துக்கு மின்சாரம் கொடுப்பதை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் முறையற்ற பயன்பாடு என்கிறது. அபராதம் வரும், மழைக்காலத்தில் உயிருக்கும் ஆபத்து. முறையான வழி, ஒரே நிலையத்தின் உற்பத்தியைப் பல வீட்டு பில்களில் பிரித்துக் கழிப்பது (மெய்நிகர் நிகர அளவீடு). டெல்லியில் 2019-லேயே இதற்கு விதிமுறை வந்தது. உங்கள் இணைப்புகளுக்கு இது கிடைக்குமா என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

பங்கைச் சமமாகப் பிரிப்பதாக இருந்தால், அதையும் யோசியுங்கள். 10 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 40 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 480 யூனிட் போல வருகிறது. 2016-ல் தொடங்கிய 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும் வீட்டுக்கு இதனால் மிச்சமாக எதுவும் இல்லை. கடந்த ஓராண்டு பில்களை ஐந்து பேரும் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பங்கைப் பிரியுங்கள். இன்வெர்ட்டர் (தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக்கும் கருவி) பத்தாண்டு போல் வரும், பிறகு மாற்ற வேண்டும். அதற்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்காத கூட்டு அன்றைக்கு முறியும். கணக்கை பில் வரும்போதெல்லாம் எல்லோருக்கும் காட்டுங்கள். உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்வில் இடம்பெறக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே விதித்திருக்கிறார்கள்.

கூட்டு முயற்சி வெற்றி பெற்ற இடங்கள் உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மின்வாரியத்துக்கு விற்றது. அங்கே உரிமை ஊராட்சியுடையது, எனவே வாரிசுத் தகராறுக்கு இடமில்லை. குஜராத்தின் துண்டி கிராமத்தில் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் பதிந்து, சூரிய பம்புகளின் உபரி மின்சாரத்தை விற்கிறார்கள். இரண்டு ஊரிலும் விற்பனை ஒரு அமைப்பின் பெயரில் நடக்கிறது.

என் தீர்ப்பு இது. மாடி வீட்டுக்காரர் மூவரும் அவரவர் மாடியில் 2 கிலோவாட் போட்டுக்கொள்ளட்டும். சுமார் 200 சதுர அடி போதும். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அந்த அளவுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. ஐவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தக்காரரிடம் விலை பேசுங்கள், பராமரிப்பும் பொதுவாக இருக்கட்டும். மனையில் உங்கள் இரு வீட்டுக்கு மட்டும் வைக்கலாம், அதுவும் மின்வாரியம் எழுத்தில் சம்மதித்தால். குத்தகைப் பதிவு முடிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாய் முன்பணம்கூட வேண்டாம்.