முன்னால் நின்றவர் போன பிறகு

கடைக்கு ஒரு முகம் உண்டு. கல்லாவில் இருப்பவரைப் பார்த்துத்தான் வாடிக்கைக்காரர் படி ஏறுகிறார். அவர் திடீரென்று காலமானால் வியாபாரம் என்ன ஆகும் என்ற கவலை நம்மில் எல்லோருக்கும் இருக்கிறது. மேல்நாட்டு இசைக்குழுக்களுக்கும் இதே கவலைதான். அங்கே முகம் என்பது பாடகர். அந்தக் கணக்கை வணிக அன்பர்கள் ஒரு தரம் பார்ப்பது நல்லது.

ஏசி டிசி என்ற குழுவை மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற சகோதரர்கள் 1973-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கினார்கள். (என் பேரன் அந்தப் பாட்டைப் போட்டால் நான் திண்ணைக்குப் போய்விடுவேன், அது வேறு விஷயம்.) 1974 முதல் பாடிவந்தவர் பான் ஸ்காட். பெயர் ஏறிவந்த நேரத்தில், 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்துபோனார். வயது 33. சகோதரர்கள் கடையைக் கட்டவில்லை. இங்கிலாந்துக்காரர் பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு, அதே ஜூலையில் 'பேக் இன் பிளாக்' இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். மறைந்தவருக்குத் துக்கமாக அட்டை கறுப்பு; முதல் பாட்டு மணியோசையோடு தொடங்கும். உலகிலேயே மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் அது ஒன்று. ஜான்சன் ஸ்காட்டைப் போல நடிக்கவில்லை, தன் குரலில் பாடினார். மெட்டும் கிதாரும் பழைய கைகளிலேயே இருந்தன.

இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழுவில் 1975-ல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகினார். வெளியாட்கள் பலரைப் பாடவைத்துப் பார்த்தும் மனதுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 1970 முதல் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாடிவந்த பில் காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். சரக்குக் கட்டிய பையன் கல்லாவுக்கு வந்த மாதிரி. அடுத்த ஆண்டு இசைத்தட்டு நன்றாக விற்றது. பிறகு குழு முன்னைவிடப் பெரிதானது.

அதே குழுதான் இரண்டாம் தரம் சறுக்கியது. 1996-ல் காலின்ஸும் விலக, ரே வில்சன் என்ற வெளியாளைச் சேர்த்து 1997-ல் ஒரு இசைத்தட்டு போட்டார்கள். டிக்கெட் போகாததால் அமெரிக்கக் கச்சேரிகள் ரத்தாயின. பலர் வில்சனைக் குறை சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜான்சனும் வெளியாள்தானே? ஜெனிசிஸின் முந்தைய புதுப்பாட்டுத் தட்டு வந்தது 1991-ல். ஆறு வருஷம் புதுச் சரக்கு இல்லாத கடை வாசலில் யார் காத்திருப்பார்? அதற்குள் வேறு கடையில் பற்று வைத்திருப்பார். ஏசி டிசி எடுத்துக்கொண்டது ஐந்தே மாதம்.

குவீன் குழுவின் பிரெடி மெர்குரி 1991-ல் மறைந்தார். கிதார்காரர் பிரையன் மேயும் டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லரும் பின்னாளில் பால் ராட்ஜர்ஸுடனும், அதன் பிறகு ஆடம் லாம்பர்ட்டுடனும் மேடை ஏறினார்கள். விளம்பரத்தில் வெறும் குவீன் என்று போடவில்லை. கூட்டல் குறி போட்டுப் புதியவர் பெயரையும் பக்கத்திலேயே அச்சிட்டார்கள். டிக்கெட் வாங்குகிறவருக்கு எந்தச் சரக்கு என்று தெரிந்தே வாங்க முடிந்தது.