மிதவை மரத்தளம்: எந்த அறைக்கு எந்தப் பலகை?

மிதவை மரத்தளத்தின் பலகைகளை அடித்தரையில் ஆணியடித்தோ பசை தடவியோ பிணைப்பதில்லை. அவை ஒன்றோடொன்று கோத்து, மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல் ஒரே பரப்பாகக் கிடக்கின்றன. பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே பதிக்கலாம் என்பது இம்முறையின் பெரிய வசதி. காற்றில் ஈரம் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். அதனால் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்துக்கு முன் அறையின் ஈரத்தைப் பார்க்க வேண்டும்.

முழுமரப் பலகை

தேக்கு, ஓக் போன்ற ஒரே மரத்துண்டில் அறுத்த பலகை அகலவாக்கில் அதிகம் அசையும். மிதவை முறைக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. முழுமரம்தான் வேண்டுமென்றால் அடித்தரையோடு பிணைத்துப் பதிப்பதே சரி.

எஞ்சினியர்டு மரம்

மேலே 2 முதல் 6 மி.மீ. வரை அசல் மரம். அடியில் ரேகை குறுக்கும் நெடுக்குமாக அமைந்த அடுக்குகள். ஓர் அடுக்கின் அசைவை அடுத்தது கட்டுப்படுத்துவதால் பலகை எளிதில் வளையாது. மேலடுக்கு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், பின்னாளில் இழைத்துப் புதிதாக மெருகேற்றலாம். விலை அதிகம், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் ஏற்றது.

லேமினேட்

மரநாரைப் பிசினோடு அழுத்திய பலகை மேல் மர ரேகை அச்சிட்ட தாளும், கீறலைத் தாங்கும் மெலமைன் பூச்சும் கொண்டது. 8 முதல் 12 மி.மீ. கனத்தில் கிடைக்கிறது. தேய்மானம் தாங்கும் அளவை ‘ஏசி’ எண் குறிக்கும். வீட்டுக்கு ஏசி 3 போதும், நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு ஏசி 4 நல்லது. விலை குறைவு. ஆனால் இழைத்துப் புதுப்பிக்க முடியாது. இணைப்பில் நீர் புகுந்து ஓரம் உப்பினால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

எஸ்.பி.சி. பலகை

இதில் மரமே இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்ந்தது, நீரில் உப்பாது, கரையானும் அரிக்காது. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீடுகளுக்கும், சமையலறைக்கும், கடலோர ஊர்களுக்கும் மிதவைப் பலகைகளில் நம்பகமானது இதுவே. கடும் வெயில் நேரே விழும் இடத்தில் விரிவடையக்கூடும். கனம் குறைவென்பதால் அடித்தரையின் மேடுபள்ளத்தை மறைக்காது.

எதைப் பதித்தாலும்

அடித்தரை 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கமின்றி இருக்க வேண்டும். சிமென்ட் தரையில் ஓதம் ஏறாதிருக்க முதலில் பாலித்தீன் தாள் விரிக்க வேண்டும். மரமும் லேமினேட்டும் பெட்டியோடு 48 மணி நேரமாவது அதே அறையில் கிடந்து பழக வேண்டும். சுவரோரம் சுற்றிலும் சுமார் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மூட வேண்டும். இடைவெளி இல்லையேல் உப்பும் தளம் நடுவில் தூக்கிக்கொள்ளும். சுவரோடு பொருத்தும் கனமான அலமாரியைத் தளத்தின் மேல் நிறுத்தினால் பலகைகள் அசைய வழியின்றி இணைப்பு பிளக்கும்; அலமாரியை முதலில் பொருத்தி, அதன் முன்வரை பதிப்பதே முறை. தளம் உயர்வதால் கதவின் அடியைச் சீவ நேரலாம்.

குளியலறைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். நீர் வடிய அங்கே தரை சரிவாக இருக்கும். மிதவைத் தளத்துக்குச் சமதளம் தேவை. அங்கே டைல்ஸே தகுந்தது.